தரிசனம் ஆயிற்று, மலையைப் பார்த்தீர்களா?



ஐப்பசி பிறந்தால் நம் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கேட்கிறார்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கேதான் போவது என்று கேட்பார்கள். இப்படி எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வருஷம் தவறாமல் ஒரு மலைக்குப் போய் வருகிறவர்கள்தான். ராத்திரி பஸ் பிடித்து, விடியற்காலையில் இறங்கி, மொட்டை போட்டு, வரிசையில் நின்று, பெருமாளை ஒரு கணம் பார்த்து, லட்டுப் பையோடு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். திருப்பதி ஒரு மலை என்பதும், அதைச் சுற்றி அருவியும் காடும் கோட்டையுமாக ஒரு நாடே விரிந்து கிடக்கிறது என்பதும் அந்த அவசரத்தில் கண்ணில் படுவதில்லை.

இந்த மாதம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை போகும்போது ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் எதைப் பார்க்கலாம் என்று சொல்லவே இந்தப் பக்கம்.

முதலில், செலவே இல்லாத ஒரு காட்சி. கீழ்த் திருப்பதியையும் மேலே திருமலையையும் இணைக்கும் முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது. மலையை வெட்டிப் பாதை போட்டதில் பாறையின் வயிறு பல இடங்களில் வெளியே தெரிகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் கவனியுங்கள். கீழே இருப்பது கருங்கல். அதன்மேல் தட்டுத் தட்டாக அடுக்கியதுபோல் வேறொரு பாறை உட்கார்ந்திருக்கும். ஒருகாலத்தில் நீருக்கடியில் படிந்த மணல், இறுகி இறுகிக் கல்லானது அது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிற அந்தக் கோட்டில் குறைந்தது 50 கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. கீழ்ப்பாறை உருவாகி, தேய்ந்து மட்டமாகி, அதன்மேல் புதிய மணல் வந்து படியும்வரை கழிந்த காலம் அது. அந்த இடைவெளிக்குச் சாட்சி சொல்ல ஒரு கல்லும் மிச்சமில்லை. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் இதைத் தேசிய நிலவியல் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மேலே கோயிலுக்கு வடக்கே இருக்கும் சிலாதோரணமும் அந்தப் பட்டியலில் உண்டு. காற்றும் நீரும் அரித்து இயற்கையாக உண்டான அந்தக் கல் வளைவின் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வழியில் கடக்கும் பாறைச் சுவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், சுவருக்குத்தான் முதல் மரியாதை.

நடந்து ஏறுகிறவர்களுக்கு இரண்டு வழிகள். அலிபிரியிலிருந்து 3,550 படிகள், ஸ்ரீவாரி மெட்டிலிருந்து 2,388 படிகள். ஸ்ரீவாரி மெட்டு குறுக்குவழி, ஆனால் மூச்சு வாங்கும். சந்திரகிரிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் தோது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை அடித்துக் கொன்ற செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பிறகு நேரக் கட்டுப்பாடுகள் வந்தன, கூண்டுகள் வைத்தார்கள், நடப்பவர்கள் கையில் தடியும் கொடுத்தார்கள். பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள். படிக்கட்டும் கூரையும் விளக்கும் இருந்தாலும் நாம் நடப்பது காட்டுக்குள்தான்.

இனி தண்ணீர். திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் கிழக்குப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். சென்னைக்கு மழை என்றால் பெரும்பாலும் இங்கும் மழை. ஆகவே கோடை விடுமுறையில் அருவி தேடிப் போனால் பல இடங்களில் பாறையைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். கார்த்திகை, மார்கழி, தை நல்ல மாதங்கள். திருப்பதி ஊருக்குள்ளேயே, மலையடிவாரத்தில் கபில தீர்த்தம் இருக்கிறது. கபிலேசுவரர் கோயில் குளத்தில் மலையிலிருந்து நேராக அருவி வந்து விழும். வைணவர்கள் அதையே ஆழ்வார் தீர்த்தம் என்பார்கள். மழைக்கு மறுநாள் ஆட்டோ பிடித்துப் போனால் போதும். ஆனால் மழை அளவோடு இருக்கவேண்டும். 2021 நவம்பரில் கொட்டிய மழையில் அந்த அருவி பொங்கி வந்து கோயில் மண்டபத்தையே சேதப்படுத்தியது. ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சிதைந்துபோய், மறுபடி திறக்க 2022 மே மாதம் ஆயிற்று.

அருவி என்றால் இங்கே முதல் பெயர் தலக்கோனா. திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை வழியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணம். ஏறக்குறைய 270 அடி உயரத்திலிருந்து விழுகிற நீர். ஆந்திரத்தின் மிக உயரமான அருவி என்று பெயர். கீழே சித்தேசுவரர் கோயில். அங்கிருந்து அருவிக்கு நடக்கும் வழியில் மரத்துக்கு மரம் தாவிப் படர்ந்திருக்கும் ராட்சதக் கொடிகளைப் பாருங்கள். தொடை பருமனுள்ள தண்டும், கை நீளத்துக்குக் காய்களும் கொண்ட கொடி அது. வேர் எங்கே, நுனி எங்கே என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளை விட்டால் அரைமணி நேரத்துக்கு அவர்கள் தொந்தரவு இருக்காது. சிவராத்திரிக்குப் போகாதீர்கள், அன்று அருவியைவிடக் கூட்டம் அதிகம். புத்தூர், நாராயணவனம் பக்கத்துக் கைலாசகோனா சிறியது, ஆனால் ஆண்டு முழுவதும் நீர் விழும். கைப்பிள்ளையோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

உப்பலமடுகு வேறு கதை. சென்னைக்காரர்களுக்கு அது தடா அருவி. கல்லூரிப் பிள்ளைகள் பைக்கில் கும்பலாகப் போகிற இடம். பாறைகளுக்கு நடுவே தெளிந்து நிற்கும் மடுக்கள், ஆழம் தெரியாத ஆழம். அங்கே மூழ்கி இறந்த இளைஞர்களைப் பற்றிய செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்துவிட்டோம். நீச்சல் தெரியும் என்பது அங்கே பெரிய தகுதியில்லை. பாசிப் பாறையில் வழுக்கித் தலையில் அடிபட்டு விழுகிறவனுக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்? மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வனத்துறை வேண்டாம் என்று சொல்லும் நாளில் திரும்பி வருவதில் மானக்குறைவு எதுவுமில்லை.

திருமலைக் காட்டுக்குள் இருக்கும் சில தீர்த்தங்களுக்கு ஆண்டில் ஒருநாள்தான் திருவிழா. தைப் பௌர்ணமிக்கு ராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமிக்குக் குமாரதாரை, பங்குனிப் பௌர்ணமிக்குத் தும்புரு தீர்த்தம் என்று முறை. முக்கோட்டி என்பார்கள். அன்று தேவஸ்தானமே சாப்பாடும் மோரும் கொடுத்து அனுப்பும். நம் ஊர் பக்தர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான், பழைய தலைமுறைக்கு.

இந்தக் காடு 1989-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்காவானது. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்கள். பாறை இடுக்குகளில் இரவில் வெளிவரும் தங்கநிறப் பல்லி இங்கே உண்டு. ஈந்து போலத் தோற்றமளிக்கும் ஒரு பழங்காலச் செடியினம் உலகத்திலேயே இந்த மலைப்பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. செம்மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் தாய்வீடே இந்தக் கடப்பை, திருப்பதி, சித்தூர் மலைகள்தான்.

செம்மரம் என்று எழுதிவிட்டு அழகை மட்டும் பேசிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று இந்தச் சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து மலைக் கிராமத்து ஆட்கள் அவர்களில் பலர். ஒரு மரத்தின் விலை கடல் தாண்டி லட்சக்கணக்கில் ஏறுகிறது. அதை வெட்டுகிறவனுக்குக் கிடைப்பது சில நாள் கூலி. கடத்தல் தவறு, காடு காக்கப்படவேண்டும், சந்தேகமில்லை. ஆனால் செத்தவர்கள் கடத்தல்காரர்களின் வரிசையில் கடைசி ஆட்கள். தலக்கோனாவின் குளிர்ந்த நிழலில் நிற்கும்போது அது நினைவுக்கு வந்தால் வரட்டும்.

இப்போது கோயில்களுக்கு வருவோம். பெரிய கோயில்கள் உங்களுக்கே தெரியும். நான் அனுப்ப விரும்புவது குடிமல்லத்துக்கு. ரேணிகுண்டாவைத் தாண்டி, ஏர்ப்பேடு வட்டாரத்தில், பொன்முகலி ஆற்றுக்கு அருகே ஒரு சிறிய கிராமம். அங்கே பரசுராமேசுவரர் கோயில். கோயில் விமானத்தின் பின்பக்கம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். கருவறை தரைமட்டத்துக்குக் கீழே. குனிந்து பார்த்தால் ஐந்தடி உயரத்தில், பளபளப்பான கரும்பழுப்புக் கல்லில் ஒரு லிங்கம். அதன் முன்பக்கத்தில் சிவன் நிற்கிறார். ஒரு குள்ளனின் தோள்மேல் கால் வைத்து, ஒரு கையில் ஆட்டைத் தொங்கவிட்டு, மறுகையில் சிறு கிண்டி, தோளில் கோடரி. பூணூல் கிடையாது. நான்கு கைகளும் கிடையாது. நாம் இன்று கோயிலில் பார்க்கும் சிவன் அல்ல, வேட்டைக்குப் போய்த் திரும்பிய ஒரு காட்டு இளைஞன். பலர் இதைக் கிறிஸ்துவுக்கு முந்தைய 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். பிந்தையது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய லிங்கங்களில் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் து. அ. கோபிநாத ராவ் எழுதியபின்தான் வெளியுலகம் இதைக் கவனித்தது. கோயிலில் பல்லவர், பாணர், சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல தமிழில். ஆட்டைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு, அடுத்து காளத்திக்குப் போங்கள். இறைச்சியைச் சுவைபார்த்துப் படைத்த வேடர் கண்ணப்பரின் கதை நடந்ததாகச் சொல்லும் மண் பக்கத்திலேயே இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆய்வாளர்கள் கோபித்துக்கொண்டால், இது ஆசிரியரின் மனக்கணக்கு என்று விட்டுவிடுங்கள்.

குடிமல்லத்துக்குப் பக்கத்து ஊர் பாப்பாநாயுடுபேட்டை. கண்ணாடியை உருக்கிக் குழலாக நீட்டி இழுத்து, துண்டுகளாக நறுக்கி மணி செய்யும் பழைய கைத்தொழில் வெகுகாலம் தங்கியிருந்த ஊர் அது. அரிக்கமேட்டு மண்ணில் கிடைக்கும் சின்னஞ்சிறு மணிகளும் இதே வகை. இங்கே உலைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவர்களின் முறையைப் பார்த்துத்தான், அன்று அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் புரிந்துகொண்டார்கள்.

காளத்தியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தேவார மூவரும் பாடிய ஊருக்கு நான் எதற்கு அறிமுகம் சொல்லவேண்டும்? 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்ததும், புதிய கோபுரத்துக்கு 2017-இல் குடமுழுக்கு நடந்ததும் நினைவிருக்கும். கோயிலிலிருந்து வெளியே வந்ததும் கலம்காரி வேலை செய்கிறவர்களின் வீடுகளை விசாரித்துப் போங்கள். மூங்கில் எழுதுகோலில் சாயம் தோய்த்துத் துணிமேல் கையாலேயே வரைவது காளத்திப் பாணி. வரைவது பாதி வேலைதான், ஓடும் நீரில் அலசுவது மீதி. அதற்கு அவர்கள் நம்பியிருந்ததும் அந்தப் பொன்முகலியைத்தான். கடையில் அச்சுத்துணியைக் கலம்காரி என்று விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

சென்னைவாசிகள் கட்டாயம் போகவேண்டிய இடம் சந்திரகிரி. திருப்பதியிலிருந்து சித்தூர் சாலையில் அரைமணி நேரம்கூட ஆகாது. மொட்டைப்பாறை மலை, அதன் அடியில் கோட்டைச் சுவர், உள்ளே ராஜமகால், ராணிமகால். ராஜமகால் மூன்று மாடிக் கட்டடம். மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அதற்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. விஜயநகர அரியணையைப் பிடித்த சாளுவ நரசிம்மர் இங்கே ஆளுநராக இருந்தவர். தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு நொடித்துப்போன அந்த அரசு பெனுகொண்டாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து ஒதுங்கியதும் இங்கேதான். 1639 ஆகஸ்டில் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர், கடற்கரையோரம் ஒரு மணல் திட்டை தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கேட்டு வாங்கினார். அந்த நாயக்கருக்கு மேலே இருந்த ராயருக்குச் சந்திரகிரிதான் தலைநகர். இந்த மகாலில்தான் பட்டயம் கையெழுத்தாயிற்று என்று ஊரில் சொல்வார்கள். கையெழுத்து எந்த அறையில் விழுந்ததோ, சென்னை என்ற நகரத்துக்கான உத்தரவு இந்தப் பாறையடியிலிருந்து வந்த அதிகாரத்தில்தான் பிறந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22-இல் சென்னை தினம் கொண்டாடி மாரத்தான் ஓடுகிறவர்கள், ஒரு தடவை இந்தப் பக்கமும் ஓடி வரலாம்.

கிழக்கே நகரி, புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு வட்டாரத்தை நான் தனியாக நேசிக்கிறேன். நகரி மூக்கு என்று சொல்லும் மலைமுகடு கடலில் வரும் கப்பல்காரர்களுக்கே அடையாளமாக இருந்தது. புத்தூர் கட்டு தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? நாகலாபுரத்தில் வேதநாராயணப் பெருமாள் மச்ச உருவில் நிற்கிறார். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் பெயரால் அமைத்த ஊர். பங்குனியில் மூன்று நாள் மாலை வெயில் கோபுர வாசல்கள் வழியாக உள்ளே நுழைந்து, முதல்நாள் திருவடியிலும் அடுத்தநாள் நாபியிலும் மூன்றாம் நாள் திருமுகத்திலும் படும். அங்கிருந்து ஊத்துக்கோட்டைக்கு வரும் வழியில் சுருட்டப்பள்ளி, சிவன் படுத்திருக்கும் கோலம். இங்கெல்லாம் டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும், கொஞ்சம் தெலுங்கு தடவி.

மேற்கே போனால் பூமி உயர்கிறது, காற்று மாறுகிறது. பலமநேர் பக்கம் கைகல் அருவி. அதைச் சுற்றிக் கௌண்டின்யா சரணாலயம். இந்தப் பக்கத்துக் காடுகளில் யானையே இல்லாமலிருந்து, 1980-களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து கூட்டமாக நடந்து வந்து குடியேறின. எல்லைக்கல்லை அவை படித்ததாகத் தெரியவில்லை. இன்னும் மேற்கே குப்பம், மூன்று மொழிகள் கலந்து பேசப்படும் மூலை. 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கியது பொருத்தம்தான். ஹார்ஸ்லி ஹில்ஸைத் தேடிச் சித்தூர் மாவட்ட வரைபடத்தைப் புரட்டாதீர்கள். 2022 ஏப்ரல் பிரிவினையில் மதனப்பள்ளியோடு அதுவும் வெளியே போய்விட்டது. அதே நாளில்தான் திருப்பதி தனி மாவட்டமாயிற்று, ஸ்ரீஹரிகோட்டாவையும் சேர்த்துக்கொண்டு.

சாப்பாடு பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இந்த மண்ணின் சாப்பாடு. சைவக்காரர்களுக்கு அதே களியோடு வேர்க்கடலைச் சட்டினி. ஆனி மாதம் போனால் சாலை நெடுகக் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும். பெருமாள் வரிசைக்கு அது சளைத்ததல்ல. அருவிப் பக்கம் போகும்போது பிளாஸ்டிக்கும் பாட்டிலும் வேண்டாம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளைப் பார்த்ததும் அந்த ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. விருந்தாளி வீட்டை நாசம் செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

விருந்தாளி என்று எழுதும்போதே ஒரு சங்கடம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்துக்கு வடவெல்லையாகச் சொன்னது வேங்கடத்தை. சங்கப் புலவர் மாமூலனார் அந்த மலையைப் புல்லி என்ற தலைவனுடையதாகப் பாடினார். 1911-இல் வட ஆர்க்காட்டையும் கடப்பையையும் கத்தரித்துச் சித்தூர் மாவட்டம் உண்டாயிற்று. 1953-இல் அது ஆந்திரத்துக்குப் போயிற்று. ம.பொ.சி.யும் தோழர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, மத்தியஸ்தராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம்மிடம் வந்தது; சத்தியவேடு அவர்களிடம் போனது. அன்று கோடு கிழித்த கிராமங்களில், அண்ணன் தம்பி நிலமே இரண்டு மாநிலமாகிப்போனது. இன்னும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். ஜாத்திரைக்குப் போய் வருகிறார்கள்.

அந்த 1960-ஐக் கண்ணால் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் சிலராவது இருப்பீர்கள். பிச்சாட்டூர், நகரி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர்களை முக்கியமாகக் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் பாடமொழி மாறியதா? ரேஷன் கடை எந்தப் பக்கம் போனது? எந்தத் தேர்தலில் எந்த மாநிலத்துக்கு ஓட்டுப் போட்டீர்கள்? இரண்டு பக்கம் போதும், பேனாவில் எழுதினாலும் சரி, பேரப்பிள்ளையைக் கொண்டு கைப்பேசியில் தட்டி அனுப்பினாலும் சரி. பழைய பட்டா, பள்ளிச் சான்றிதழ் இருந்தால் நகல் மட்டும் அனுப்புங்கள், அசலை அனுப்பாதீர்கள். தை இதழில் நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்